நஞ்சப்ப வாத்தியார் இருந்தார்

ராசம்மாளை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சண்டையில். ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் அச்சகம். அங்கே நான் அச்சுக் கோர்ப்பவன். 1951-ஆம் வருஷம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம், கதர்ப்பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். கையில் நாங்கள் அடித்துக் கொடுத்த நாடக நோட்டீஸ்.

"ஏனுங்க, இதைக் கோத்தது ஆருங்க?"

"நான்தானுங்க, சிக்கந்தர். என்ன குத்தம்?"

"சோடாக் கடைக்காரன் பேரு இத்தாப்பெருசு. நாடகம் எழுதுனவரு பேரு எறும்பாட்ட இருக்குது. சோடாவைக் குடிக்கவா சனம் வருது?"

எனக்கும் மூக்குமேல் கோபம். சோடாக் கடைக்காரர் விளம்பரத்துக்குக் காசு கொடுத்தார், நாடகம் எழுதியவர் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அசரவில்லை. "அவரு செத்து நாப்பத்தஞ்சு வருசமாச்சு, எங்கிருந்து குடுப்பாரு? நான் அவரு புள்ளைங்க. பேரைப் பெருசாப் போட்டுக் குடுங்க, நிக்கறேன்" என்று காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி வந்து சமாதானம் சொல்லியும் எழவில்லை. கடைசியில் பதினெட்டுப் பாயிண்ட் பெரிய எழுத்தில் 'நஞ்சப்ப வாத்தியார் அவர்கள் இயற்றிய' என்று கோர்த்து, இருநூறு நோட்டீஸ் திரும்ப அடித்தோம். அன்றையிலிருந்து அவள் எனக்கு ராசக்கா.

நஞ்சப்ப வாத்தியாரைப் பற்றிக் கோயமுத்தூர் ஜில்லாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாரியம்மன் நோன்பு சாட்டினாலும், மில்லில் ஆண்டு விழா என்றாலும், எங்கள் பக்கத்தில் மேடை ஏறுவது அவருடைய இரண்டு நாடகங்கள். ஒன்று 'நொய்யல் நல்லாள்', அதில் அழ வேண்டும். மற்றொன்று 'ஒற்றைக் கடுக்கன்', அதில் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும். ஊர் அதிகாரியான மணியகாரர் ஒருவர் தன் ஒரு காதுக் கடுக்கனைத் தொலைத்துவிட்டு, வந்தவன் போனவன் எல்லோரையும் கட்டிவைத்து விசாரிப்பார். கடுக்கன் கடைசியில் அவருடைய தலைப்பாகை மடிப்பிலேயே இருக்கும். இந்தக் கதை தெரியாமல் எங்கள் ஜில்லாவில் ஒரு குழந்தை வளர முடியாது.

அந்த வாத்தியாரின் ஒரே மகள் ராசம்மாள். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ரீலிங் டிபார்ட்மெண்டில் நூல் சுற்றினாள். அவளுக்கு மூன்று வயதாகும்போது தாராபுரத்தில் நாடகம் போடப் போன இடத்தில் வாத்தியார் காலராவில் போய்விட்டார். தாயார் சின்னத்தாயி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு நடந்தே வந்து, பஞ்சு அரைக்கும் பாக்டரியில் கூலிக்குச் சேர்ந்தாள். நாடகக்காரனைக் கட்டியவளை ஊர் எப்படிப் பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டினவளா, வைத்துக்கொண்டிருந்தவளா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. தாலி கட்டியதைப் பார்த்தவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை. சின்னத்தாயி 1939-இல் சாகும்வரை "நான் அவரு சம்சாரம்" என்று சொல்லிக்கொண்டேதான் செத்தாள்.

ஒரே ஒரு இடத்தில் அவளுக்கு மரியாதை இருந்தது. நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம். வாத்தியார் எழுதிய நாடகத்தைப் போட்டால், திரை தூக்குவதற்கு முன்னால் ஒரு தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி வைத்து அவர் வீட்டாருக்குக் கொடுப்பார்கள். வாத்தியார் தட்டு என்று பெயர். அதைக் கொடுக்காமல் தொடங்கினால் ஆர்மோனியத்தில் காற்று நிற்காது என்பது அவர்கள் நம்பிக்கை. முதலில் சின்னத்தாயி வாங்கினாள், அப்புறம் ராசம்மாள். சூலூர், இருகூர், அன்னூர், மதுக்கரை, பல்லடம் என்று எந்த ஊரில் நாடகம் என்றாலும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவான். காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போய், மேடையில் நின்று தட்டை வாங்கி, மறுநாள் காலை ஷிப்டுக்கு மடியில் தேங்காயோடு வந்து நிற்பாள். எந்த ஊர், எந்த வருஷம், எந்த நாடகம், ரவிக்கைத் துணி என்ன நிறம் என்பது வரை அவளுக்கு மனப்பாடம். என்னிடம் சொல்லிக் கொல்லுவாள்.

1957-இல் எங்கள் அச்சகத்துக்கு ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. ஒரு கல்லூரிப் பேராசிரியர் எழுதிய ஆராய்ச்சி, நாற்பத்தெட்டுப் பக்கம். கூலிக்குக் கோர்க்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், பொருளைப் பார்க்கமாட்டான். நானும் முப்பது பக்கம் வரை அப்படித்தான் கோர்த்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. நஞ்சப்ப வாத்தியார் என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று எழுதியிருந்தார்.

மனுஷர் சும்மா எழுதவில்லை, உழைத்து எழுதியிருந்தார். வாத்தியார் பிறந்தது எங்கள் ஊரில்தான் என்று மூன்று ஊர்கள் சொல்கின்றன. படம் இல்லை, கடிதம் இல்லை, கைப்பட எழுதிய ஒரு வரி இல்லை. இரண்டு நாடகமும் அச்சானது 1907-இல், சென்னையில், அவர் செத்ததாகச் சொல்லப்படும் வருஷத்துக்கு அடுத்த வருஷம். அந்தக் காலத்துப் புத்தகக்காரர்கள் யாரோ எழுதியதைச் சேர்த்து, விற்பனைக்காக ஒரு பெயரை அட்டையில் போடுவது உண்டு. ஆகவே இதுவும் அப்படிப் போட்ட பெயரே என்று முடித்திருந்தார். அடிக்குறிப்பு ஒன்று வேறு: 'இவர் மகள் என்று கூறிக்கொள்ளும் ஒரு மூதாட்டி உள்ளதாகக் கேள்வி. ஆராய்ச்சிக்குப் பயன்படாது.'

அந்த வரியையும் நான்தான் கோர்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது. மூதாட்டியாம்! அவளுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயதுதான்.

புத்தகம் வெளிவந்த மறுவாரமே மில்லின் நாடக சபாவில் கமிட்டி கூடியது. பொங்கலுக்கு 'ஒற்றைக் கடுக்கன்' போடுவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சபாவின் காரியதரிசி பாலகோபால், மில் ஆபீஸ் கிளார்க். கெட்டவர் இல்லை. ஆனால் படித்தவர் சொன்னால் பகல் இரவாகிவிடும் அவருக்கு. அவர் ராசக்காளை அழைத்து மெதுவாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க அம்மணி. பேராசிரியரைத் தலைமைக்குக் கூப்பிட்டிருக்கறோம். அவரு முன்னால நாம தட்டு உங்களுக்குக் குடுத்தா அவரை அவமானம் பண்ற மாதிரி ஆயிப்போகுமுங்க. இந்த வருசம் தட்டை அவருக்கே குடுத்தரலாம்னு கமிட்டில முடிவு."

இல்லை என்று எழுதியவருக்கே வாத்தியார் தட்டு! இதைவிட வேடிக்கையை வாத்தியாரே எழுதியிருக்கமாட்டார்.

ராசக்கா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மறுநாள் ரீலிங்கில், பக்கத்து மெஷினில் நின்ற கோமளா சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டாள்: "ஏனக்கா, அப்ப உங்கம்மா ஆரைத்தான் கட்டுனாங்களாமா?"

சாயந்திரம் சங்கு ஊதியதும் நேராக அச்சகத்துக்கு வந்தாள். காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"எங்கப்பன் எழுதுனாரு, எழுதுல, அதைய நான் கேக்குல சிக்கந்தரு. தட்டும் எனக்கு வேண்டாம். எங்கம்மா இருபது வயசுல இருந்து சாகற வரைக்கும் ஒரே சொல்லுத்தான் சொன்னா. அவ பொய் சொன்னவன்னு இப்ப அச்சுல ஏறிப்போச்சு. நீதானே கோத்தே?"

மறுநாளே லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். சண்டை போட வேண்டும் என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டுதான் போனேன். அந்த மனுஷர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அடிக்குறிப்புக்கு மன்னிப்புக் கேட்டார். ஆனால் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

"அம்மா, நீங்கள் சொல்வதை நான் நம்பலாம். ஆராய்ச்சி நம்பாது. அவர் கைப்பட எழுதிய ஒரு காகிதம், நாள் தேதியோடு, புத்தகம் அச்சாவதற்கு முந்தியது, கொண்டு வாருங்கள். பொங்கல் நாடக மேடையிலேயே நான் எழுதியது தப்பு என்று நானே சொல்கிறேன்."

"சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

வெளியே வந்ததும் ராசக்கா, "மனுசன் நல்லவன்தான்" என்றாள். எனக்குத்தான் கோபம் வீணாகப் போனது.

பொங்கலுக்கு நாலு மாதம் இருந்தது. மில்லுக்கு வார லீவு ஞாயிறு, அச்சகத்துக்கும் ஞாயிறு. முதல் ஏழெட்டு ஞாயிறு வீணாய்ப் போயிற்று. தாராபுரம் போனோம். வாத்தியார் இறந்த சத்திரமே இப்போது அரிசி மண்டியாகியிருந்தது. ஈரோட்டில் பழைய நாடகக் கம்பெனி முதலாளியின் பேரனைப் பிடித்தோம். பெட்டி நிறைய இருந்ததாம், கரையான் தின்றுவிட்டதாம். பிறப்புப் பதிவு பார்க்கலாம் என்றால் அந்தக் காலத்துப் பதிவில் குழந்தைக்குப் பெயரே இருக்காது, 'ஆண் ஒன்று' என்று மட்டும் இருக்கும். மூன்று ஊரிலும் ஆண்கள் நிறையப் பிறந்திருந்தார்கள்.

அப்புறம் ஒருநாள் அவள் தாயார் சொன்ன பழைய கதை ஒன்றைச் சொன்னாள். கொள்ளேகால் பக்கம் நாடகம் முடித்துவிட்டுத் திரும்பும்போது அந்தப் பக்கமெல்லாம் பிளேக். அப்போது ஒரு சட்டம் இருந்தது. பிளேக் கண்ட ஊரிலிருந்து வருகிறவன், போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள், தினம் காலையில் ஊர் மணியகாரர் முன்னால் போய் நின்று, காய்ச்சல் இல்லை, நெறி கட்டவில்லை என்று காட்டி, ரிஜிஸ்தரில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். சின்னத்தாயிக்கு நடக்க முடியாமல் போகவே, சூலூருக்குக் கிழக்கே ஒரு ஊரில் தங்கினார்கள். நாடகக்காரன் என்றால் இடம் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்து, தொழில் நெசவு என்று சொல்லிவிட்டார் வாத்தியார். பத்து நாளும் ராசம்மாளைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டாராம்.

"இதை ஏன் அக்கா மொதல்லயே சொல்லல?" என்று கத்தினேன்.

"ஊரு பேரு அம்மாளுக்கே தெரியாது. மணியகாரர் ஊருன்னுதான் சொல்லுவா."

சூலூருக்குக் கிழக்கே மணியகாரர் இல்லாத ஊர் எது? நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் உட்காரவில்லை. கதவருகே நின்றுகொண்டு விரல்விட்டு ஊர்களை எண்ண ஆரம்பித்தாள். இன்ன ஊரில் இன்ன வருஷம் 'ஒற்றைக் கடுக்கன்', பச்சை ரவிக்கை. இன்ன ஊரில் 'நொய்யல் நல்லாள்', அதற்கு அடுத்த வருஷம் 'கடுக்கன்', சிவப்பு ரவிக்கை. தாயார் காலத்திலிருந்து முப்பது வருஷத்துத் தட்டுகளை அப்படியே ஒப்பித்துக்கொண்டு வந்தவள், ஒரு ஊர்ப் பெயரில் நின்றாள். குரும்பக்காட்டுப்புதூர்.

"அங்க ஒம்பது தடவை தட்டு வாங்கியிருக்கறேன் சிக்கந்தரு. ஒம்பதும் நல்லாள்தான். ஒருக்காக்கூட கடுக்கன் போட்டதில்ல. சிரிப்பு நாடகம் போடலாமேன்னு ஒரு தடவை கேட்டதுக்கு, அது இந்த ஊருக்கு ஆகாதுன்னு வாத்தியக்காரன் சொன்னான். ஏன் ஆகாது?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவளே சொன்னாள்: "மணியகாரரை வெச்சுச் சிரிச்ச நாடகம், எந்த மணியகாரரு ஊருல ஆகாது?"

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பேராசிரியர் பட்டமெல்லாம் வாங்கியவர். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு ரீலிங்காரி, வாங்காத ஒரு தட்டை வைத்து ஊரைக் கண்டுபிடித்தாள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

குரும்பக்காட்டுப்புதூரில் பழைய மணியகாரர் அப்புசாமிக் கவுண்டர் செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது. தாத்தாவை எங்கள் பக்கத்தில் அப்பாரு என்போம். அந்த அப்பாருவின் பேரன் திருமூர்த்தி, நாற்பது வயதுக்காரர், தோட்டத்தோடு ஆயில் எஞ்சின் ரிப்பேர்ப் பட்டறையும் வைத்திருந்தார். மரியாதைக்காரர். உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் மாறிப்போயிற்று.

"அப்பேர்ப்பட்ட ரிஜிஸ்தரு ஒண்ணும் எங்க ஊட்டுல இல்லீங்க. ஆரோ தப்பாச் சொல்லிப்போட்டாங்க."

அவர் சொல்லும்போது, மோர் கொண்டுவந்த அவர் சம்சாரம் சாந்தாமணி வாசற்படியிலேயே நின்று உள்ளே ஒரு அறையைத் திரும்பிப் பார்த்தாள். நான் கவனிக்கவில்லை. ராசக்கா கவனித்தாள். எழுந்து, "அடுத்த ஞாயித்துக்கெழமை வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் போனோம். இல்லை என்றார். "சரிங்க, அடுத்த ஞாயித்துக்கெழமை வாரனுங்க." எனக்குப் பொறுக்கவில்லை, போலீஸுக்கு எழுதலாம் என்றேன். "வெக்கப்படற மனுசன்கிட்டப் போலீஸைக் கூட்டிப் போவாங்களா?" என்று என்னைத் திட்டினாள். மூன்றாம் ஞாயிறு அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க அப்பாரு அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப்போட்டிருக்கலாமில்லீங்க?"

திருமூர்த்தி மோர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஊரே சிரிக்குது. அவரு ஊட்டு அடுப்பு, அவரு கை. ஒரு தீக்குச்சி போதும். செய்யுலயே! கெட்ட கோவம் வந்தும் கிழிக்காம வெச்சவரு பெரிய மனுசனுங்க. எங்கப்பன் அவரை வெச்சுச் சிரிச்சாரு. எங்கப்பன் பேரை அவருதான் காப்பாத்தி வெச்சிருக்கறாரு. நான் அவமானம் பண்ண வருலீங்க. கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சாந்தாமணிதான் முதலில் பேசினாள். "எடுத்துக் குடுங்க. பாவம், எத்தனை தடவை நடப்பாங்க."

திருமூர்த்தி எழுந்தார். "அப்பாரு சர்க்கார் காகிதத்துல கை வெக்கமாட்டாருங்க. அதைக் கிழிக்கறது களவுன்னு சொல்லுவாரு. ஆனா ஆரும் பாக்கக் கூடாதுன்னு எங்ககிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

சிவப்புத் துணியில் கட்டிய ஒரு நீளமான புத்தகம் வந்தது. 1905-ஆம் வருஷத்துப் பிளேக் ரிஜிஸ்தர். பக்கம் பக்கமாகக் கைநாட்டு. தை மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் வேறுமாதிரி இருந்தது. 'நஞ்சப்பன், தொழில் நெசவு, கொள்ளேகாலிலிருந்து.' எதிரே ஒன்பது நாளைக்கு ஒன்பது கையெழுத்து, சாய்ந்த அழகான எழுத்து. பத்தாம் நாள் கட்டத்தில் கையெழுத்தோடு, கட்டத்தை மீறி ஓரம் வரை நாலு வரி:

ஒருகாதில் கடுக்கன் ஒய்யாரம் பேசுது
மறுகாது மூளியாய் மானத்தைத் தேடுது
ஊர்க்காதை எல்லாம் உற்றுற்றுப் பார்த்தாரே
தன்தலைப் பாகையைத் தட்டிப் பார்த்தாரா?

'ஒற்றைக் கடுக்கன்' நாடகத்தில் கட்டியங்காரன் பாடிக்கொண்டு நுழையும் முதல் பாட்டு. ஜில்லாவில் பிறந்த குழந்தை பாடும்.

திருமூர்த்தி மீதியைச் சொன்னார். நாடகத்தில் இருப்பது அப்படியே நடந்ததாம். அப்பாரு கடுக்கனைத் தொலைத்துவிட்டு, பிளேக்குக்காக நிற்க வந்தவர்களையெல்லாம் வெயிலில் உட்கார்த்தி விசாரித்திருக்கிறார். பத்தாம் நாள் இந்த நெசவுக்காரன் எழுதியதைப் படித்துவிட்டு, ஆத்திரத்தில் தலைப்பாகையை அவிழ்த்து வீசினாராம். கடுக்கன் கீழே விழுந்ததாம். அதற்குள் அந்த ஆள் குடும்பத்தோடு ஊர் எல்லையைத் தாண்டிவிட்டான். இரண்டு வருஷம் கழித்து நாடகம் அச்சில் வந்தபோதுதான் அது யாரென்று இவர்களுக்குத் தெரிந்தது. அன்றையிலிருந்து அந்த ஊரில் அந்த நாடகம் கிடையாது.

"நீங்க அந்த நாடகத்தைப் பாத்திருக்கறீங்களா?" என்று ராசக்கா கேட்டாள்.

"எங்க ஊட்டுல ஆரும் பாத்ததில்லீங்க."

"அடப் பாவமே! உங்கப்பாரு அம்பது வருசமா சனத்தைச் சிரிக்க வெச்சிருக்கறாருங்க. நீங்க ஒருக்காக்கூடப் பாக்குலயா?"

ரிஜிஸ்தரைக் கையில் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. சர்க்கார் காகிதம், நானே கொண்டுவருகிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார். அப்பாரு வேஷம் கட்டுகிறவன் நன்றாகக் கட்ட வேண்டும், ஏனோதானோ என்று கட்டினால் எழுந்து போய்விடுவேன் என்றார். அந்த வேஷத்தை அந்த வருஷம் கட்டியது பாலகோபால். விஷயத்தைக் கேட்டதும் அவர் ராத்திரி பகலாக ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

1958 பொங்கலன்று மில் மைதானத்தில் எள் போட்டால் விழ இடமில்லை. முன்வரிசையில் திருமூர்த்தி, புதுச் சட்டை, சரிகை அங்கவஸ்திரம், மடியில் சிவப்புத் துணிக்கட்டு. பக்கத்தில் சாந்தாமணி. நாடகம் தொடங்குவதற்கு முன்னால் பேராசிரியர் மேடைக்கு அழைக்கப்பட்டார். திருமூர்த்தியும் மேலே ஏறிக் கட்டை அவிழ்த்துக் கொடுத்தார்.

பேராசிரியர் பூதக்கண்ணாடியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் போலிருந்தது எங்களுக்கு. சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. அவர் கேட்டார்: "புத்தகம் வந்த பிறகு யாராவது இந்தப் பாட்டை இதில் எழுதிச் சேர்த்திருக்கலாமே?"

திருமூர்த்தி பதறவில்லை. பக்கத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். "மாசக் கடைசியில ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பக்கத்துக்குப் பக்கம் பாத்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை வெப்பாருங்க. பாருங்க, முத்திரை எதும்மேல விழுந்திருக்குது?"

நாலாம் வரியின் கடைசி இரண்டு சொற்களின்மேல் வட்டமான சர்க்கார் முத்திரை விழுந்திருந்தது. மை எழுத்துக்குமேல் படிந்திருந்தது. முத்திரைக்குள் தேதி, 1905.

பேராசிரியர் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டார். மைக் முன்னால் வந்து நின்றார். "நஞ்சப்ப வாத்தியார் இருந்தார். இல்லை என்று நான் எழுதியது தப்பு. அடுத்த பதிப்பில் திருத்துகிறேன். அதற்கு முன்னால் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் திருத்திக்கொள்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு அந்த நாலு வரியையும் ராகத்தோடு படித்தார். மைதானம் முழுவதும் சேர்ந்து பாடியது. அந்த மில்லின் சங்குகூட அவ்வளவு தூரம் கேட்டிருக்காது. தப்பை இப்படி ஒப்புக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். அந்த விஷயத்தில் அவரை நான் மதிக்கிறேன்.

பாலகோபால், மணியகாரர் வேஷத்தோடு, ஒரு காதில் கடுக்கன் மின்ன, தட்டை எடுத்துக்கொண்டு ராசக்காளிடம் வந்தார். கமிட்டி சார்பில் மன்னிப்பும் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ரீலிங் பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கோமளாவும் தட்டினாள்.

ராசக்கா தட்டை வாங்கவில்லை. "செத்த இருங்க" என்று பாலகோபாலைக் கையால் நிறுத்திவிட்டு, பேராசிரியரிடம் போனாள்.

"ஏனுங்க, அந்தப் பாட்டுக்கு மேல ஒரு வரி இருக்குதுங்களே, அதைய நீங்க படிக்குலீங்களே?"

அவர் மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்துத் தேடினார். பெயருக்கும் தொழிலுக்கும் அடியில், மணியகாரரின் கோழிக்கிறுக்கல் எழுத்தில் ஒரு வரி இருந்தது. குரும்பக்காட்டுப்புதூரில் அந்தப் பக்கத்தைத் திறந்த நாளிலேயே அவள் எழுத்துக் கூட்டி அதைப் படித்துவிட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"மைக்குல படிங்க. எங்கம்மாளைப் பேசுனவங்கெல்லாம் இங்கதான் இருக்கறாங்க."

பேராசிரியர் மைக் பக்கம் திரும்பினார். "உடன் வந்தவர்கள். மனைவி சின்னத்தாயி, வயது பத்தொன்பது. மகள் ராசம்மாள், வயது இரண்டு."

ராசக்கா தலையை நிமிர்த்தி, சனத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள்.

"இன்னொருக்காப் படிங்க" என்றாள். "மொத சொல்லுல இருந்து."

அவர் படித்தார்.